விலையைத் தொடாமல் ரீசார்ஜ் நாட்களைக் குறைப்பது பற்றி: பி.எஸ்.என்.எல். தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநர்,
பாரத் சஞ்சார் நிகாம் லிமிடெட்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 1994-ஆம் ஆண்டு முதல் எஸ்.டி.டி. பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குத் தொலைபேசியில் பேசும் கடை, நடத்தியவன் நான். பூத் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கண்ணாடி அறையைக் கழற்றிய இடத்தில் இப்போது ஜெராக்ஸ் இயந்திரம் நிற்கிறது. மேசை மட்டும் பழைய மேசை. அதன்மேல் மீட்டர் இருந்த மூலையில், ரீசார்ஜ் போடுவதற்கென்று வைத்திருக்கும் செல்பேசி கிடக்கிறது. முப்பது வருடங்களாகத் தொலைபேசிக் கட்டணத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்லி, அவர்களிடமிருந்து வாங்கி, முதலில் தொலைத்தொடர்புத் துறைக்கும் 2000-ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பிறகு உங்கள் நிறுவனத்துக்கும் கட்டி வந்தவன் என்பதைத் தவிர இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், நான் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வியை அன்றாடம் என்னிடம் கேட்டுவிட்டு, சரியான பதில் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

2025-ஆம் ஆண்டில் உங்கள் ப்ரீபெய்ட் திட்டங்கள் சிலவற்றின் வேலிடிட்டியைக் குறைத்தீர்கள். ரூ.107 திட்டத்துக்கு 35 நாட்கள் இருந்ததை 28 ஆக்கினீர்கள். ரூ.197 திட்டத்தின் 70 நாட்கள் 54 ஆயின. வருடம் முழுவதற்கும் ஒரே தடவையாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பலரும் வாங்கிய ரூ.1,499 திட்டம் 336 நாட்களிலிருந்து 300 நாட்களுக்கு இறங்கியது. மூன்றிலும் ரூபாய் மாறவில்லை. ஆகவே கட்டணம் உயர்ந்ததாக நீங்கள் சொல்லவில்லை. நாளிதழ்களிலும் பெரிய எழுத்தில் வரவில்லை. என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையிலும் ரூபாய்க் கட்டத்தில் திருத்த எதுவும் இல்லாமல், அதற்கு அடுத்த கட்டத்தில் மட்டும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. ரூ.107-ஐ 35-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 3 ரூபாய் 6 பைசா. 28-ஆல் வகுத்தால் 3 ரூபாய் 82 பைசா. சரியாக நூற்றுக்கு இருபத்தைந்து ஏற்றம் இது. பழைய 35 நாட்களை அப்படியே வைத்துக்கொண்டு விலையை ரூ.133.75 ஆக்கியிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதுதான் நடந்திருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் மறுநாள் காலைத் தேநீர்க் கடை வரை அது பேச்சாகியிருக்கும். ரூ.197 திட்டத்தில் ஏற்றம் ஏறக்குறைய முப்பது சதவீதம், ரூ.1,499-இல் பன்னிரண்டு. அதிகம் கட்ட முடிந்தவருக்குக் குறைந்த ஏற்றமும், குறைவாகக் கட்டுகிறவருக்குக் கூடுதல் ஏற்றமும் விழுந்திருப்பதை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எந்தத் திட்டத்தில் எத்தனை நாளைக் குறைப்பது என்று முடிவு செய்த மேசையில், நாளொன்றுக்கு எத்தனை பைசா கூடுகிறது என்று யாரும் வகுத்துப் பார்க்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. ரூ.107-ஐ மட்டுமே நம்பி வருடம் முழுக்கப் போனை உயிரோடு வைத்திருப்பவருக்கு முன்பு ஆண்டுச் செலவு சுமார் ரூ.1,116 ஆனது; குறைத்தபின் 28 நாள் கணக்கில் சுமார் ரூ.1,395 ஆனது. இடையிலுள்ள ரூ.279 என்பது, தமிழ்நாட்டில் 2023-இல் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தின் ஒரு மாதத் தொகையில் கிட்டத்தட்ட கால் பங்கு.

கட்டணத்தை உயர்த்தவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலையை ஏற்றியபோது நீங்கள் ஏற்றவில்லை. அந்த வாரத்தில் என் கடைக்கு வந்து எண்ணை மாற்றிக்கொள்ள வழி கேட்டவர்களில் பாதிப் பேர், பத்து வருடங்களுக்கு முன் இதே கடையில்தான் உங்கள் எண்ணை விட்டுப் போனவர்கள். 2019 அக்டோபரில் அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்தின் கீழ், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறிய நிறுவனம் இது. வெளிநாட்டுக் கருவிகளை வாங்கிப் பொருத்தாமல், சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். என்ற இந்திய அமைப்புகள் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் 4ஜி தருவது என்று காத்திருந்து, 2025 செப்டம்பர் 27 அன்று அதை நாடு முழுவதற்கும் தொடங்கிய நிறுவனமும் இதுவே. 2007-க்குப் பிறகு முதன்முறையாக 2024-25-இன் மூன்றாம் காலாண்டில் ரூ.262 கோடி லாபம் காட்டினீர்கள்; பிறகு மறுபடியும் நட்டம் வந்தது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், டீசல் வேண்டும், வாங்கிய கருவிக்குத் தேய்மானம் எழுத வேண்டும். ரூ.107 என்பது இனிக் கட்டாது என்று நீங்கள் நேராகச் சொன்னால், அதை ஒப்புக்கொண்டு வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல என்னைப் போன்றவர்கள் தயாராகவே இருக்கிறோம். சொல்லாமல் செய்வதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது.

பூத் நடத்திய காலத்தை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விலையை நிறுத்தி வைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை உங்கள் துறைக்குப் புதியதல்ல, எஸ்.டி.டி. முழுவதும் அதன்மீதுதான் ஓடியது. ஒரு யூனிட்டுக்கு விலை ஒன்றுதான். தூரம் கூடக் கூட அந்த யூனிட் ஓடும் விநாடிகள் குறையும். கும்பகோணத்துக்குப் பேசினால் மீட்டரில் எண் நிதானமாக ஏறும், சென்னைக்குப் பேசினால் நடை வேகமாகும், பம்பாய்க்குப் பேசினால் ஓட்டமாக ஓடும். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால், பத்தரை மணிக்கே பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதுமாக இருப்பார்கள். பதினொன்று அடித்ததும் முதலில் உள்ளே போவது யார் என்பதில் சண்டையே வந்திருக்கிறது. புயல் எச்சரிக்கை இருந்த ஒரு கார்த்திகை இரவில், வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதும் ஒருவர் பதினொன்றுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறதே என்று நனைந்தபடி நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது. கண்ணாடி அறைக்குள் நின்று பேசுகிறவரின் முகத்துக்கு நேரே சிவப்பு எண்களில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டும் கணக்கில் ஏறும் பல்ஸ் விழும்போதெல்லாம் தன் பணம் போவதை அவரே பார்ப்பார். இருபது ரூபாய் மட்டும் கையில் இருப்பவர் பதினெட்டு ரூபாய் ஆனதும் “வெச்சிடறேன், காசு ஓடுது” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார். வெளியே வந்தால் சின்ன அச்சுச் சீட்டில் அழைத்த எண், பேசிய நேரம், தொகை மூன்றும் இருக்கும். நேரம் சுருங்குவது அவருக்குத் தெரியும், எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரியும், நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அவர் கையில் இருந்தது. இன்றைய வேலிடிட்டியில் இந்த மூன்றும் இல்லை. 35 நாள் 28 நாளானது, பணம் கட்டிய பிறகு இருபத்தொன்பதாம் நாள் காலையில்தான் தெரிய வந்தது.

1999-ஐ இங்கே சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) கட்டண ஆணை வந்தபோது, வெளியூர் அழைப்புக்கான கட்டணம் குறைந்தது. மாத வாடகை கூடியது. உள்ளூர் அழைப்பில் ஐந்து நிமிடமாக இருந்த யூனிட் மூன்று நிமிடமானது. அதுவரை எஸ்.டி.டி. பேசுகிறவர்கள் கொடுத்த கூடுதல் பணத்தில்தான் உள்ளூர்க்காரர்களுக்கு மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, அந்தச் சமனை மாற்றாவிட்டால் போட்டி வரும்போது அரசு நிறுவனம் நிற்க முடியாது என்பது ஆணையத்தின் வாதம். அந்த வாதம் எங்களுக்கு அன்று பிடிக்கவில்லை. ஆனால் அது வெளிப்படையாக வைக்கப்பட்டது. நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எதிர்க்கப்பட்டது. எதற்காக எதை ஏற்றுகிறார்கள் என்பது பத்திரிகை படிக்கும் எவருக்கும் தெரிந்திருந்தது. அதே காலத்தில் வாடகையை ஊருக்கு ஊர் வேறாக வைத்திருந்தீர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் இணைப்புக்குக் குறைவான எக்சேஞ்சில் (தொலைபேசி நிலையத்தில்) வாடகை மிகக் குறைவு, லட்சம் இணைப்பைத் தாண்டிய நகரத்தில் அதிகம். சிறிய எக்சேஞ்சில் இருப்பவர் உள்ளூர்க் கட்டணத்தில் எட்டக்கூடிய ஆட்களே சிலர்தான், ஆகவே அவரிடம் குறைவாக வாங்குவதே முறை என்ற கணக்கு அதில் இருந்தது. கிராமப்புற இணைப்புக்கு இலவச அழைப்புகளும் கூடுதலாகத் தந்தீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லில் மொத்த யூனிட், அதில் இலவசம் எத்தனை, மீதி எத்தனை என்று வரிவரியாக அச்சாகியிருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள்.

அதற்கு ஏழு வருடங்கள் கழித்து, 2006 மார்ச் 1 அன்று நாடு முழுவதும் ஒரு நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்தீர்கள். தயாநிதி மாறன் அமைச்சராக இருந்த காலம் அது. என் தொழிலுக்கு அன்றே நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், மன்னார்குடியிலிருந்து மதுரைக்கும் காஷ்மீருக்கும் ஒரே கட்டணம் என்று பலகையில் எழுதியபோது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அதை எழுத ஒரு வரி போதும். அதைப் புரிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு என் உதவி தேவைப்படவில்லை. இன்று ஒரு திட்டத்தை விளக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறது: எண் உயிரோடிருக்கும் நாள் ஒன்று, பேசக்கூடிய நாள் இன்னொன்று, டேட்டா வேறொன்று, அதற்குள் தீர்ந்தால் டாப்-அப் தனி.

லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு 2015-உம் 2018-உம் நினைவிருக்கும். 2015 மார்ச்சில் லேண்ட்லைன் அழைப்புகளுக்கு நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் இணைப்புக் கட்டணத்தை ஆணையம் பூஜ்யமாக்கியது. அது உங்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. மே 1 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை நாட்டின் எந்த எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம் என்று அறிவித்தீர்கள். பழைய பதினொரு மணிக் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு அது ஒரு கனவு போலத்தான் இருந்தது. எங்கள் தெருவில் துணி போட்டு மூடி வைத்திருந்த லேண்ட்லைன்கள் மறுபடி ஒலிக்கத் தொடங்கின. 2018 தொடக்கத்தில் அந்த நேரத்தை இரவு 10.30 முதல் காலை 6 வரை என்று சுருக்கினீர்கள். அப்போதும் வாடகையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பத்து மணி நேரம் ஏழரை மணி நேரமானது, அவ்வளவுதான். ஆனால் ஒன்பதரை மணிக்குத் தூங்கப் போகும் பெரியவர்களுக்கு ஏழரை மணி நேரமும் கணக்கில் இல்லை. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் அந்த வருடமே இணைப்பை ஒப்படைத்தார்கள்.

இனி, நாள் குறைவது யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சுற்று வட்டாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா மாதாமாதம் என் கடைக்கு வருவார். மகளிருக்கு நகரப் பேருந்து இலவசம் என்பதால் ரீசார்ஜ் போடுவதற்காக மட்டுமே அவரால் வர முடிகிறது. பட்டன் போனை மஞ்சள் பையில், ஜவுளிக்கடை ரசீது ஒன்றில் சுற்றிக் கொண்டுவருவார். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஞாயிறு மாலை அழைப்பார். அந்த அழைப்பை எடுப்பதற்குத்தான் அந்தப் போன். அவர் யாரையும் அழைப்பதில்லை, டேட்டா என்றால் என்னவென்று கேட்டுக்கொண்டதுமில்லை. அவர் வைத்திருப்பது எந்த நிறுவனத்தின் சிம் என்பதை நான் எழுதப்போவதில்லை. எல்லா நிறுவனங்களிலும் இதே முறைதான் இருக்கிறது என்பதால் அது இங்கே முக்கியமும் இல்லை. சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நேத்து புள்ள கூப்புடவே இல்ல. அவனுக்கு ஏதும் ஆயிடுச்சான்னு ராத்திரியெல்லாம் தூங்கல. போன் கெட்டுப்போச்சா பாரு.”

போன் கெடவில்லை. சனிக்கிழமையோடு வேலிடிட்டி முடிந்து, உள்வரும் அழைப்பு நின்றுபோயிருந்தது. சென்ற முறை எந்தத் தொகையைப் போட்டாரோ அதே தொகையைத்தான் அதற்கு முந்திய முறையும் போட்டார். இரண்டுக்கும் இடையில் நாட்கள் குறைந்திருந்தன. “அதே ரூபாய்தானே குடுத்தேன், அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?” என்று அவர் கேட்டபோது, நான் ஏதோ கழித்துக்கொண்டேன் என்ற சந்தேகம் அந்தக் கேள்வியில் இருந்தது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அரிசி மூட்டையில் ஒரு படி குறைந்தால் கேட்க வேண்டியது கடைக்காரனைத்தான். மூட்டையைத் தைத்தவனை அவருக்குத் தெரியாது. குறுஞ்செய்தி வந்திருந்தது என்பது உண்மைதான், ஆங்கிலத்தில்.

போன் நின்றால் அழைப்பு மட்டும் நிற்பதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலிண்டர் பதிவு, வங்கியில் பணம் எடுத்த தகவல், ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அந்த ஒரே எண்ணைச் சுற்றியே இருக்கின்றன. 2018-இன் இறுதியில் தனியார் நிறுவனங்கள் மாதத்துக்கு இவ்வளவாவது போடாவிட்டால் உள்வரும் அழைப்பும் கிடையாது என்று தொடங்கியபோது, எங்களுக்கு பி.எஸ்.என்.எல். இருக்கிறது என்று சொன்னவர்கள் இந்த ஊரில் பலர். அவர்கள் உங்களிடம் வேகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லர். குறைந்த செலவில் ஒரு எண்ணை உயிரோடு வைத்திருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக, சிக்னலுக்கு மாடிப்படி ஏறிக்கூட உங்கள் சிம்மை வைத்திருந்தார்கள். நாளைக் குறைத்துவிட்டு டேட்டாவைக் கூட்டித் தந்தாலும், டேட்டாவைத் தொடாத இவர்களுக்கு அது மோர் கேட்டவருக்கு முறத்தை நீட்டியது போலத்தான்.

ஒழுங்குமுறை ஆணையம் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 28 நாட்களை மாதம் என்று சொல்லி வருடத்துக்குப் பதின்மூன்று முறை பணம் வாங்குகிறார்கள் என்ற புகார் பெருகியபோது, 2022 ஜனவரியில், 30 நாள் வேலிடிட்டியுள்ள திட்டம் ஒன்றும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2024 டிசம்பரில், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான சிறப்புக் கட்டண வவுச்சர் தர வேண்டும் என்றும், அத்தகைய வவுச்சர்களின் உச்ச வரம்பு 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயரலாம் என்றும் விதியைத் திருத்தியது. விலையை மட்டும் நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம். ஏழு வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். ஏற்கெனவே பணம் கட்டி வாங்கிய காலத்துக்கு நடுவில் பாதகமாக மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பும் இருக்கிறது. நீங்களும் 336 நாளுக்குப் போட்டவரிடம் 300 நாளில் நிறுத்தவில்லை. ஆக, சட்டப்படி உங்கள் மீது குற்றம் எதுவும் இல்லை. ஆணையத்துக்குத் தெரிவிப்பதில் இருக்கும் அக்கறை, கட்டணத்தைக் கொடுக்கிறவருக்குத் தெரிவிப்பதில் இல்லை என்பதே என் குறை.

லேண்ட்லைனைப் பற்றி ஒரு பத்தி. செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறச் சொல்லி எங்கள் ஊரிலும் கேட்கிறார்கள். மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வேகம் கூடுகிறது. ஆனால் பழைய லேண்ட்லைனுக்கு எக்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. புயலில் ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போன் பேசும். ஃபைபரில் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கஜா புயலைக் கண்ட மாவட்டங்களில் இது சிறிய வேறுபாடு இல்லை. அதைத் தெரிவிக்காமல் ஒரே மாத வாடகைத் தொகையைக் காட்டி இரண்டும் ஒன்றே என்பது போல விற்பதும், நான் மேலே சொன்ன வகையைச் சேர்ந்ததுதான். பழுது நாட்கணக்கில் நீடித்தால் வாடகையில் கழிவு உண்டு என்ற விதி 2009 முதலே இருக்கிறது. கேட்டு வாங்கியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, ஏனென்றால் கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது. கழிவைத் தானாகவே பில்லில் கழித்துவிடுவதற்குக் கணினி முறையில் தடை ஏதும் இருக்க முடியாது.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். இனி ஒரு திட்டத்தின் செலவு கட்டுபடியாகவில்லை என்றால் விலையை மாற்றுங்கள், நாட்களைத் தொடாதீர்கள். ரூ.107 போதாது என்றால் ரூ.125 என்றோ ரூ.134 என்றோ வையுங்கள்; வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு வாங்கவோ வேறிடம் போகவோ முடிவு செய்துகொள்வார். நாட்களைக் குறைத்தே தீர வேண்டும் என்றால், குறைப்பதற்கு முன்பே, அந்தந்த மாநில மொழியில், பழைய நாள் இவ்வளவு, புதிய நாள் இவ்வளவு, நாளொன்றுக்கு ஆகும் பைசா இவ்வளவு என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பதிவு செய்த குரல் அழைப்பும் போகட்டும். விளம்பரத்துக்கென்று அத்தனை குரல் அழைப்புகள் வரும்போது இதற்கு மட்டும் செலவு பார்க்க வேண்டியதில்லை. கடைக்காரர்களாகிய எங்களுக்கும் அச்சிட்ட கட்டண அட்டை அனுப்புவதை மறுபடி தொடங்குங்கள். இப்போது நாங்கள் ரீசார்ஜ் போடும்போது திரையில் வருவதைப் பார்த்துத்தான் புதிய நாள்கணக்கைத் தெரிந்துகொள்கிறோம். வாடிக்கையாளருக்கு முன்னால் நாங்களே விழிக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: டேட்டா இல்லாத, நூறு ரூபாய் அளவிலான, தேதி மாறாத ஒரு திட்டத்தைத் தாருங்கள். ஐந்தாம் தேதி போட்டால் அடுத்த மாதம் ஐந்தாம் தேதிதான் முடிய வேண்டும். ஓய்வூதியம் வரும் தேதியையும் ரேஷன் போடும் தேதியையும் நினைவில் வைத்திருக்கிறவர்களுக்கு 28 நாள் கணக்கு மாதாமாதம் பின்னோக்கி நழுவிக்கொண்டே போகிறது; ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கையில் பணம் இல்லாத இருபதாம் தேதி வாக்கில் வந்து நிற்கிறது. உள்வரும் அழைப்பும் ஓ.டி.பி.யும் வேலிடிட்டி முடிந்த பிறகும் குறைந்தது பதினைந்து நாட்கள் தொடரட்டும். இதனால் உங்களுக்கு ஏற்படும் இழப்பைக் கணக்கிட என்னிடம் விவரம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. தாங்க முடியாத இழப்பு என்றால் அதையும் எழுதுங்கள். கிராமத்து இணைப்பால் உங்களுக்கு நேரும் நட்டத்தை ஈடுகட்ட 2003 முதல் 2008 வரை மற்ற நிறுவனங்களிடமிருந்து அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் வசூலித்துத் தரப்பட்டது. எல்லோருக்கும் சேவை என்பதற்கான நிதி இன்று டிஜிட்டல் பாரத் நிதி என்ற பெயரில் அரசிடம் இருக்கிறது. பட்டன் போனில் மகனின் அழைப்பை எதிர்பார்த்திருப்பவரின் எண்ணை உயிரோடு வைத்திருப்பதும் அந்த நிதியின் நோக்கத்துக்குள் வருமா என்று அரசிடம் நீங்கள் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்க இந்த ஊரிலிருந்தே பல நூறு கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

என் கடைச் சுவரில் உங்கள் திட்டங்களுக்கென்று ஒரு புதிய அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன். ரூபாய்க் கட்டத்தை பெயிண்டால் எழுதியாயிற்று. நாள் கட்டத்தை பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்ததும் அதையும் பெயிண்டால் எழுதலாமா என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய பூத்காரன்,
மன்னார்குடி.